தேங்காய் எண்ணெயில் ஓடிய வண்டி

என் மனைவி கர்த்தரிடம் போய்ப் பத்து வருஷமாகிறது. அன்றுமுதல் இந்த நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத வராது என்று சொல்லிக்கொண்டேன். பயம்தான் காரணம்.

கல்யாணமான புதிதில் பாறசாலையில் வீட்டு முன்னால் சைக்கிள் கடை வைத்திருந்தேன். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடிய வருஷங்கள். நினைத்தாற்போல் கடையடைப்பு வரும், பஸ் நிற்கும். ரப்பர் தோட்டத்துத் துரை விட்டுப்போன, எஞ்சின் வைத்த பழைய சைக்கிள் ஒன்று, இன்றைக்கு மொபெட் என்கிறோமே அந்த ஜாதி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்து என் கைக்கு வந்தது. மூன்று மாதம் அதோடு கிடந்தேன். இறுகிப்போன பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஒரு வாரம் ஊறவைத்து இளக்கினேன். பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கார்புரேட்டர் துளையில் பிரேக் கம்பியின் ஒற்றை இழையை விட்டு அடைப்பெடுத்தேன். பிறகு திருகைக் கால் சுற்று முன்னும் பின்னுமாகத் திருப்பி, விக்கல் இல்லாமல் சத்தம் வரும்வரை காதைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

பெட்ரோலில் எஞ்சின் ஆயில் கலந்து ஊற்றவேண்டிய வண்டி அது. கடையடைப்பில் ஆயில் கிடைக்கவில்லை. வீட்டில் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் இருந்தது. கலந்தேன்; ஓடியது. போகிற வழியெல்லாம் அடுக்களை மணம்.

"எலே மக்கா, வண்டிக்குள்ள பப்படம் பொரிக்கியா?" என்று சாயாக்கடைக்காரர் கூப்பிட்டுச் சிரிப்பார். எனக்கு அதுவும் பெருமை.

மனைவி தலைப்பிரசவத்துக்கு வெள்ளறடையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். "ஆள் அனுப்பினா போதும், அரை மணிக்கூறுல வந்து நிப்பேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பனி இறங்கிய ஒரு விடியலில் அவள் தம்பி சைக்கிளில் வேர்த்து வந்து இறங்கினான்.

"அத்தான், பெண்பிள்ளையாக்கும். அக்காளுக்குக் குறையொண்ணும் இல்ல. பிள்ளைக்குத்தான் மூச்சு முட்டுது. வேகம் வாருங்க."

வண்டியை மிதித்தேன். பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி மிதித்தேன்.

"எனக்க சைக்கிள எடுத்துட்டுப் போங்க அத்தான். நான் நடந்து வாறேன்."

"பொறுடே. இந்தா இப்போ பிடிக்கும்."

"சைக்கிள் கடைக்காரருக்குச் சைக்கிள் வேண்டாமாக்கும்!" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் போனான். கடையில் வேறு மூன்று சைக்கிள்கள் நின்றன. நான் தொடவில்லை. என் கையால் உயிர் வந்த வண்டி என்னைக் கைவிடாது என்று நினைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழிந்துதான் கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தேன். ராத்திரியில் பெட்ரோல் ஆவியாகிப் போய், மிச்சமிருந்த தேங்காய் எண்ணெய் பனியில் வெள்ளையாக உறைந்திருந்தது. மார்கழியில் தலைக்குத் தேய்க்க எண்ணெய்ப் புட்டியைத் தினமும் அடுப்போரம் வைக்கிறவன் நான். அது எனக்குத் தோன்றவில்லை. கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்துப் பூட்டினேன். ஒரே மிதியில் பிடித்தது. வெள்ளறடை வரை ஓரிடத்திலும் நிற்கவில்லை.

பிள்ளையை வெள்ளைத் துணியில் பொதிந்திருந்தார்கள். உபதேசியார் ஞானஸ்நானம் கொடுத்து முடித்திருந்தார். தொட்டேன், சூடு ஆறியிருக்கவில்லை.

"கண்ணத் தொறந்து தொறந்து பாத்தா. ஒங்களுக்க கண்ணாக்கும்" என்றாள் மனைவி. பிறகு, "ஏன் இவ்வளவு தாமசம்?" என்று கேட்டாள்.

"பனச்சமூட்டுல போலீஸ் தடுத்துட்டான்" என்றேன்.

அவள் நம்பினாள். அதோடு விடவில்லை. அன்றுமுதல் குடும்ப ஜெபத்தில், அந்தப் போலீஸ்காரனை மன்னியும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் முழங்காலில் நின்று நான் ஆமென் சொன்னேன்.

பின்னால் நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொன்றும் கண் திறக்கும்போது குனிந்து, நான் பார்க்காத அந்தப் பார்வையைத் தேடினேன். இப்போதும் முகம் சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் கண்ணையே பார்த்து நின்றுவிடுகிறேன். இதைப் போலத்தானே இருந்திருக்கும்.

போலீஸ் தடுத்ததால் தாத்தா மூத்த பிள்ளையை உயிரோடு பார்க்கவில்லை என்றுதான் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். வழியில் என்னை யாரும் தடுக்கவில்லை. வாசிக்கிறவர்கள் இதை இப்படியே அடுத்தவருக்குச் சொல்லுங்கள். எனக்காக இரங்கி ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம்.