தும்பிக்கை லை

எழுத்துரு வரைகிறவர்கள் எழுதும் கட்டுரைகளை இப்போது தேடித் தேடிப் படிக்கிறேன். ஓர் எழுத்தின் கால் எவ்வளவு வளையலாம் என்று நாலு பக்கத்துக்கு மல்லுக்கு நிற்கிறார்கள். என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாமா அம்மா சண்டை போடுவாங்க?" என்று கேட்டாள். போடுவார்கள். எங்கள் சித்தப்பா போட்டார்.

அறுபதுகளின் தொடக்கம். அந்நாளில் லை, ளை, ணை, னை நாலுக்கும் முன்னால் கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலிருந்தே ஒரு வளைவு தும்பிக்கை மாதிரி எழும்பி நிற்கும். இங்கே காட்டலாம் என்றால் இந்த அச்சில் அந்த எழுத்து இல்லை. சித்தப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் குமாஸ்தா. கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தார். தும்பிக்கையைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கைக்கு ஒரு கொம்பு, லைக்கு ஒரு தும்பிக்கையா? கொழந்தைக எத்தனையத்தான் படிக்கும்?" என்பார். பள்ளிக்கூடத்தில் தும்பிக்கை வைக்காவிட்டால் டீச்சர் முட்டி போட வைப்பார். வீட்டில் வைத்தால் சித்தப்பா முகம் வாடிவிடும். எட்டு வயதில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆனாலும் நான் சித்தப்பா கட்சிதான். எனக்கென்று ஒரு சிவப்புப் பென்சில் வாங்கித் தந்திருந்தார். "தும்பிக்கையப் பார்த்தா உடாத அம்மணி, ஒரே கோடு!" காலண்டர், மளிகைக் கடைப் பொட்டலம், பஞ்சாங்கம் எதையும் நான் விட்டதில்லை.

அவருக்குப் பெண் பார்க்கச் சத்தியமங்கலம் போனோம். பலகாரம் தின்று முடித்ததும் சித்தப்பா ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்து, பெண்ணைத் தன் பெயரை எழுதித் தரச் சொன்னார். லையில் முடிகிற பெயர். முழுத் தும்பிக்கையோடு, நெளிவு சுளிவாக எழுதித் தந்தார் அந்தப் பெண். நான் உடனே பென்சிலை எடுத்து, "தப்புங்க" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

பெண் தலை நிமிராமல் சொன்னார்: "தும்பிக்கைய எடுத்துப்போட்டா அது வேற யாரோ பேரு மாதிரி இருக்குது கண்ணு."

வேறு யார் இப்படிப் பேசியிருந்தாலும் ஒரு மணி நேரம் பிரசங்கம் நடந்திருக்கும். சித்தப்பாவோ காலி டம்ளரை எடுத்து மறுபடியும் காப்பி குடித்தார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "கையெழுத்து நல்லா இருக்குதுங்க, இல்லீங்களா அண்ணி?"

கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டு, தும்பிக்கை தலைகாட்டிவிடக் கூடாதென்று இரண்டு சாயங்காலம் அச்சகத்திலேயே போய் உட்கார்ந்தார். கட்டு வந்து சேர்ந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவும் வேலை எனக்கு. தடவிக்கொண்டே படித்தேன். காலை, தலைமை, எல்லாம் ஒழுங்காகக் கொம்போடு இருந்தன. மணமகள் பெயரில் மட்டும் தும்பிக்கை! அச்சகத்துக்காரன் ஏமாற்றிவிட்டானே, ஊரெல்லாம் சித்தப்பாவைப் பார்த்துச் சிரிக்குமே! மஞ்சள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

எண்பது பத்திரிகை முடிந்திருக்கும். அம்மா வந்து பார்த்து அலறினார். "அடிப்பாவி! கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேர செவப்புல அடிச்சுப்போட்டயே!"

தும்பிக்கையை மட்டும்தான் அடித்தேன். கோடு கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். அம்மா கை ஓங்கவும் சித்தப்பா உள்ளே வரவும் சரியாக இருந்தது. "தப்பத் திருத்திப்போட்டனுங்க சித்தப்பா" என்று ஓடினேன்.

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "அது தப்பில்ல அம்மணி. அந்த ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கட்டும்னு நாந்தான் சொன்னேன்."

ஓங்கிய கையால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பறம் எதுக்கு எனக்குப் பென்சில் வாங்கிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். அபசகுனம் என்று அம்மா அந்த எண்பதையும் வெந்நீர் அடுப்பில் போடச் சொன்னார். சித்தப்பா போட்டார். ஆனால் ஒன்றை மட்டும் தம் பெட்டிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கல்யாணமாகிப் பத்து நாள் இருக்கும். அந்தப் பெட்டியை அடுக்கிய புதுச் சின்னம்மாவின் கையில் அது சிக்கிவிட்டது. முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தார். "ஏங் கண்ணு, என்ற பேர யாரு இப்படி அடிச்சது? உங்க சித்தப்பாங்களா?"

"நாந்தானுங்க" என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "பத்திரிகை பூராவும் சரியா இருந்துச்சுங்க. உங்க லை மட்டும் தப்பு. அத அப்படியே உடச் சொன்னது சித்தப்பாவேதானாமுங்க!"

சின்னம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழுவாதீங்க சின்னம்மா. உங்க அடுத்த கல்யாணத்துக்குச் சரியா அடிச்சுப்போடலாமுங்க."