கெட்டுப்போகாத வலை

நான் மீன் சாப்பிடுவதில்லை என்று சொன்னால், "விரதமுங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். ஒரு விரதமும் கிடையாது. அருவருப்பு, அவ்வளவுதான். எழுபதுகளில் ஒரு கோடையில், என் வீட்டுக் குடிதண்ணீர்க் கிணற்றில் ஊர் ஆம்பிளைகள் கூடிச் செய்த காரியத்தால் வந்த அருவருப்பு. இன்றைக்கும் சந்தையில் கட்லா மீனின் பெருந்தலையைப் பார்த்தால் முந்தானை தானாக மூக்குக்குப் போய்விடும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து சித்தூருக்குக் கிழக்கே வாக்கப்பட்டு வந்தவள் நான். ஊர் கேரளத்தில் இருந்தாலும் வீட்டிலும் காட்டிலும் பேசுவது எங்கள் கொங்குத் தமிழ்தான். மலையாளம் ஆபீசுகளில் மட்டும். எனக்கு அதில் ஒரு சொல் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். கோடையில் ஏரி வற்றி, நடுவில் குட்டையாகச் சுருங்கியதும், பிடித்துத் தின்றது போக இருப்பதிலேயே பெரிய மீன்களைத் 'தாய்மீன்' என்று ஒதுக்கி, உயிரோடு ஒரு கிணற்றில் விட்டுவைப்பார்கள். மழை பெய்து ஏரி நிறைந்ததும் அவற்றைப் பிடித்துத் திரும்ப ஏரியில் விடுவார்கள். எப்போதும் கோயில் கிணற்றில்தான் விடுவது. அந்த வருஷம் கோயில் கிணறு வறண்டுபோனது. பார்த்தார்கள், நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுக் கிணற்றில். என் வீட்டுக்காரர் சபையில் பெரிய மனுஷனாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலீங்களா?" என்றேன். மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். அவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர். எங்களுக்கு இருந்த இன்னொரு கிணறு தோப்பில், சுத்த உப்பு. அதில் அரிசி வேகாது, பருப்பு கரையாது, குழந்தை வாயில் வைத்தால் துப்பிவிடும்.

"நாலு மீனு நீந்துனா தண்ணி தேஞ்சா போயிரும்? கம்முனு இரு புள்ள."

கம்மென்று இருக்க நான் என்ன கல்லா? காயம்பட்ட மீன் தண்ணீரில் செத்து அழுகும் என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். "விடறதுன்னா ஒரு கீறல் இல்லாம விடோணும். என்ன வலையில எடுக்கறதுன்னு சித்தூர்ல மீன் ஆபீசரக் கேட்டுட்டு வாங்க. இல்லாட்டி கெணத்துமேட்டுல நானே குறுக்க படுத்துக்குவேன்" என்றேன். படுத்தாலும் படுப்பேன் என்று அவருக்குத் தெரியும். மறுநாளே பஸ் ஏறினார்.

சாயங்காலம் மடியில் ஒரு புது வலையோடு வந்தார். மூங்கில் வளையத்தில் பைபோலக் கட்டி, மீனைத் தண்ணீரிலிருந்து அள்ளித் தூக்குகிற கைவலைக்கானது. நீல நைலான். ஆபீசர் சொன்னதை அப்படியே மலையாளத்தில் சொல்லிக் காட்டினார்: "செறிய கண்ணி மதி, கெட்டு பாடில்லா." பிறகு எனக்காக இறங்கிவந்து விளக்கினார். "கண்ணு சின்னதா இருந்தாப் போதும், செறகு மாட்டாது. வலை கெட்டுப்போகக் கூடாது. அதாம் புள்ள, நூல் வலைன்னா மக்கிப்போவும். நைலானு நம்ம காலத்துக்கும் கெடாது."

வலையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண் சின்னதுதான். கண் சின்னது என்றால் முடிச்சு அத்தனையும் நெருக்கம். ஒவ்வொரு முடிச்சும் பச்சைக் கடுகு மாதிரி விரலில் உறுத்தியது. "இது தோலை உரிச்சுப்போடுமே" என்றேன். "ஆபீசருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு? மலயாளம் எனக்குத் தெரியுமா, உனக்கா?" என்றார்.

மீன் பிடித்த அன்றைக்கு நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நின்றேன். ச்சீ, அதைப் பார்த்திருக்கவே வேண்டாம். கள்ளைக் குடித்துவிட்டு இடுப்பளவு சேற்றில் கத்திக்கொண்டு திரிந்தார்கள். ஆளுயரத்தில் பாதி இருக்கும் கட்லாவை வலையில் அள்ளியதும் கிணற்றுக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே? இல்லை. அதைத் தலைக்குமேலே தூக்கிக் காட்ட வேண்டும். எடை எவ்வளவு இருக்கும் என்று கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்க வேண்டும். அது வலைக்குள் துள்ளத் துள்ள, செதில்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. மேலே இருந்த வழும்பெல்லாம் நைலானில் நுரையாக ஒட்டிக்கொண்டது. விலாவில் முடிச்சு முடிச்சாக ரத்தப் புள்ளி. கிணற்று விளிம்பிலிருந்து மூட்டையைக் கவிழ்ப்பதுபோலக் கவிழ்த்தார்கள். தொம்மென்று சத்தம். மீன் வழும்பு ஒட்டிய கையைக் கொடியில் காய்ந்த என் சேலையில் துடைத்துக்கொண்டவர் வேறு யாருமில்லை, எனக்கு முறைக்கு மாமா.

சில நாளிலேயே மீன்களின் விலாவில் வெள்ளையாகப் பஞ்சு பூத்தது. பூஞ்சணம். முடிச்சு பட்ட இடமெல்லாம் அதே. மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பிறகு ஒன்று வயிற்றைக் காட்டி மிதந்தது. அதைத் தூக்கிப் போட்டால் அடுத்தது. தண்ணீரின்மேல் எண்ணெய்போல ஒரு படலம். காய்ச்சி வடிகட்டிக் குழந்தைக்கு எடுத்துப்போன டம்ளரில் ஒருநாள் ஒரு செதில் மினுங்கியது. குழந்தைக்கு அன்றைக்கே வயிற்றால் போனது.

அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரில் நான் கால்கூடக் கழுவவில்லை. தோப்பிலிருந்து உப்புத் தண்ணீர் சுமந்தேன். குழந்தை அதைத் துப்பித் துப்பி நாக்கு வறண்டு அழுதாள். கிணற்றை முழுசாக இறைத்துக் கழுவினால்தான் புது ஊற்று சுரக்கும். அதைச் சொன்னால் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. கோடையில் ஒரு கிணற்றுத் தண்ணீரை வீணாக்குவதா, மிச்சமிருக்கும் தாய்மீனை என்ன செய்வது என்று ஆளுக்கொரு பேச்சு. "மீனு கெடந்தாத் தண்ணி சுத்தமாவும் அம்மிணி" என்றார் சேலையில் கை துடைத்த மாமா. என் வீட்டுக்காரரும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, "ஒண்ணும் ஆவாது" என்றார்.

கடைசியில் ஆபீசரையே அழைத்துவந்தார்கள். வாசலில் கட்டில் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, வலையைக் கேட்டார். நீல வலையை விரித்ததும் அவர் முகம் மாறியது. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளி என் வீட்டுக்காரரின் கண்ணுக்கு நேரே காட்டினார்.

"இதல்லே கெட்டு? கெட்டு பாடில்லா எந்நு ஞான் பறஞ்ஞதல்லே?"

மலையாளத்தில் 'கெட்டு' என்றால் முடிச்சு. முடிச்சு இருக்கக் கூடாது என்று அந்த மனுஷன் சொல்லியிருக்கிறார். கொசுவலைபோல முடிச்சில்லாமல் நெய்தது வேண்டும், நனைத்துவிட்டுத்தான் மீனை அள்ள வேண்டும் என்று கையைக் காட்டி மறுபடி விளக்கினார். எங்கள் மலையாளப் புலவரோ 'கெட்டு' என்றதைக் கெட்டுப்போவது என்று எடுத்துக்கொண்டு, கடையில் இருந்ததிலேயே முடிச்சு மிகுந்த வலையைத் தேடி வாங்கி வந்திருக்கிறார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது அவர்கள் சிரித்தார்கள். அதைத்தான் என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை. உள்ளே குழந்தை தண்ணீருக்கு அழுகிறது, வாசலில் கட்டில் ஆடும்படி சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒருத்தர், "செரி அம்மிணி, அதெ உடு, எல்லாத்துக்கும் காப்பி போட்டுக் குடு" என்றார்.

போட்டேன். வெல்லம் தட்டிப் போட்டு, மணக்க மணக்கப் போட்டு, தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். மாமா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தினார்.

"தண்ணி ஏது அம்மிணி?"

"ஊட்டுக் கெணத்துத் தண்ணிதானுங்க மாமா. மீனு கெடந்து சுத்தமான தண்ணி. குடிங்க."

"எனக்குக் காத்தாலருந்து வயிறு செரியில்லீங்க" என்று ஒருத்தர் டம்ளரைக் கீழே வைத்தார். "காப்பி எனிக்கு பதிவில்லா" என்று, காப்பி குடித்துப் பழக்கமில்லாதவர்போல, ஆபீசர் நாசூக்காகத் தள்ளிவைத்தார். மாமா டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் நகர்த்தினார். என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார். ஒரு மடக்கு குடித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மிச்சத்தையும் அடிவரை குடித்து முடித்தார்.

அவர் குடித்ததைப் பார்த்த மற்றவர்களுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது போலிருக்கிறது. இருட்டுவதற்குள் கிணற்றை இறைக்க ஆயில் இன்ஜின் வந்தது. என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்கினார். உயிரோடு இருந்த ஒரே தாய்மீனை, குழந்தையின் தொட்டிலில் கட்டியிருந்த கொசுவலையை நனைத்துச் சுருட்டி, அதில் அள்ளி எடுத்தார். ஒரு செதில் உதிரவில்லை. அதை உப்புக் கிணற்றில் விட்டு, மழைக்குப் பிறகு ஏரியில் சேர்த்தார்கள். எங்கள் கிணற்றில் புது ஊற்று சுரந்து, அந்தத் தண்ணீரை என் மகள் டம்ளர் டம்ளராகக் குடித்தாள்.

அந்தக் காப்பியை நான் போட்டது தோப்புக் கிணற்றின் உப்புத் தண்ணீரில். அந்த நாற்றத் தண்ணீரை அடுப்பில் வைக்க என்னால் முடியுமா? முதல் மடக்கிலேயே அவருக்கு உப்புக் கரித்திருக்கும். தோப்புத் தண்ணீர் என்று தெரிந்தும் மற்றவர்களிடம் அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்காகத்தான் மறுநாள் அவருக்குச் சோறு போட்டேன்.