வஜ்ரக்கட்டி தின்ற சுப்பையன்

காஜா பெராங் வட்டாரத்தில் சுப்பையனைத் தெரியாதவர்கள் குறைவு. வாரநாட்களில் மரவாடியில் பலகை தூக்குவான். ஞாயிறு மாலைகளில் கேளிக்கைப் பூங்காவின் குத்துச்சண்டை மேடையில் ஆள்களைச் சாய்ப்பான். ஆறு வருடத்தில் மூன்று முறை அவன் மூக்கு உடைந்திருந்தது. ஒருமுறை எதிராளியின் விலா எலும்பு தன் குத்தில் ஒடிந்ததைக் கை உணர்ந்தபோது, இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு மேடை ஏறினான்.

1957 மே மாதம் கலியாணசுந்தரம் அவனைத் தேடி வந்தார். கிளேபாங்கில் வீடு, ‘வஜ்ரம்’ என்ற, பலம் தரும் தின்பண்டக் கட்டிக்கு ஏஜெண்டு. வெள்ளித்தாளில் சுற்றிய, விரல் நீளக் கட்டி. ‘ஒரு வேளை இறைச்சிக்குச் சமம்’ என்று உறையில் அச்சடித்திருந்தது.

“புது நாடு வரப்போவுது தம்பி. இனிமே யாரு அடுப்பு ஊதிக்கிட்டு உட்காருவா? வாரத்துக்கு ஒரு பெட்டி உனக்குச் சும்மா. உன் படத்த மட்டும் போஸ்டர்ல போட்டுக்கறேன்.”

சுப்பையனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மனைவி ருக்மணி அவித்து வைத்த முட்டையும் மீன்குழம்பும் அப்படியே ஆறிக் கிடந்தன. “இனிப்புத் தின்னு வயிறு ரொம்புமா?” என்று அவள் கேட்டதற்கு, உறையைக் காட்டிச் சிரித்தான்.

ஜூனில் மூவார் ஊரிலிருந்து ஒரு சுமைதூக்கி அவனோடு மோத வந்தான். முதல் சுற்றில் சுப்பையன் அவன் உதட்டைக் கிழித்தான். இரண்டாம் சுற்றில் வயிற்றில் விட்ட குத்து அவனை முழங்காலிட வைத்தது. இடைவேளையில், கூட்டம் பார்க்க, சுப்பையன் ஒரு கட்டியைக் கடித்தான். கலியாணசுந்தரம் கைதட்டினார்.

நான்காம் சுற்றில் தூக்கிய கை தாழ்ந்தது. முதுகில் குளிர்ந்த வியர்வை. மூவார்க்காரன் அதைக் கண்டுகொண்டான். சுப்பையனின் இடது புருவம் பிளந்து கண் மறைந்தது. அடுத்த குத்தில் இரண்டு பற்கள் நாக்கின்மேல் விழுந்தன. கயிற்றைப் பிடித்து எழுந்தவனின் காதோரம் மூன்றாவது குத்து. விழுந்தவன் எழவில்லை.

ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நல்லையா புருவத்தைத் தைத்தபடி கேட்டார்: “இன்னைக்கு என்ன சாப்பிட்ட?”

“காலையில ரெண்டு கட்டி. மத்தியானம் மூணு.”

“சோறு?”

“இல்ல.”

நல்லையா அவனிடமிருந்த கட்டியின் உறையை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தார். “முதல்ல சீனி. அப்புறம் குளுக்கோஸ் பாகு. கடலை மூணாவது, பால்மாவு கடைசி. இது விஷம் இல்ல தம்பி. பிரயாணத்துல சோறு கிடைக்காதவன் ஒண்ணு தின்னுக்கலாம். ஆனா பாதிக்கு மேல மிட்டாய்தான். நீ மிட்டாய் தின்னுட்டு அடிவாங்கப் போயிருக்க.”

மறுவாரம் பசார் சந்தையில் சுப்பையனின் படத்துக்குக் கீழே கலியாணசுந்தரம் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஒல்லியான மகளோடு நின்ற ஒரு தாய், அந்த வழியே வந்த சுப்பையனைக் கண்டதும் கேட்டாள்: “அண்ணே, பிள்ளைக்கு மத்தியானச் சோத்துக்குப் பதிலா இதக் குடுக்கலாமா?”

“வேணாம்மா. சோறே குடு. இதுல பாதிக்கு மேல சீனி. நான் நம்பித் தின்னேன், என் மூஞ்சியப் பாரு.”

கலியாணசுந்தரம் போஸ்டர் மாட்டியிருந்த கம்பைப் பிடுங்கித் தையல் போட்ட புருவத்திலேயே அடித்தார். “என் பெட்டியத் தின்னுட்டு என் பொழப்பக் கெடுக்கிறியாடா!”

ரத்தம் கண்ணில் வழிந்தது. சுப்பையனின் வலது கை தானாகப் போனது. தாடை ஒடிந்த சத்தம் மீன்கடை வரை கேட்டது. விழுந்தவர்மேல் ஏறி உட்கார்ந்து மேலும் அடித்தான். நான்கோ ஐந்தோ, அவனுக்கே தெரியாது. “விடுண்ணே, செத்துடுவாரு!” என்று அந்தத் தாய் அலறியபோதுதான், சிறுமி அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து நடுங்குவதைப் பார்த்தான். கை நின்றது.

மூன்று மாதம் ஜெயில். ‘மெர்டேக்கா’ என்ற சுதந்திர முழக்கத்தை மதிலுக்கு உள்ளிருந்து கேட்டான்.

வெளியே வந்த மறுநாள் கிளேபாங்குக்குப் போனான். கலியாணசுந்தரம்தான் கதவைத் திறந்தார். தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

“அடிச்சது தப்பு,” என்றான் சுப்பையன். “அந்தம்மாகிட்ட சொன்னது தப்பில்ல.”

அவர் கதவைச் சாத்தினார். வஜ்ரக்கட்டி வேறு ஒருவரின் படத்தோடு இன்னும் சில வருடம் விற்றது. சுப்பையன் அதன்பிறகு எந்த மேடையும் ஏறவில்லை. மரவாடியில் பலகை தூக்கினான்.