செருப்போடு உட்காரச் சொன்ன தேவகி

தேவகி போய்விட்டாள்.

இன்று விடியற்காலையில், திருப்பதி ஆஸ்பத்திரியில். கிட்னி பிரச்சினை. இந்த முறையும் தேறி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் சித்தூரில் அவளை அனுப்பிவிட்டு, குளித்துவிட்டு வந்து இதை டைப் செய்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... நாங்கள் இருவரும் சித்தூரில் ஒரே தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். என்னைவிடச் சின்னவள். அவளுடைய வேலை மீட்டிங் நடத்துவது.

நடத்துவது என்றால் மேடை, மைக், சால்வை, தலைமையுரை... அதெல்லாம் கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போடுவாள். சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டுவாள். எதைப் பேச வேண்டும் என்று வந்தவர்களே எழுத வேண்டும். எழுதியவரைச் சுற்றி, அதில் அக்கறை உள்ளவர்கள் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சம்பளமா என்று அவளைக் கிண்டல் செய்வேன். "உங்கள மாதிரி பேசிக்கினே இருக்காம, வாய மூடிக்கினு இருக்கறதுக்குத்தாண்ணா எனக்கு சம்பளம்" என்பாள். ஆபீசே சிரிக்கும்.

அவளிடம் ஒரு விதி உண்டு. உட்கார்ந்த இடத்தில் உனக்கு வேலை இல்லை என்று தெரிந்தால் எழுந்து வேறு கூட்டத்துக்குப் போய்விடு... வீட்டுக்கே போனாலும் சரி.

நம் ஊரில் இது நடக்கிற காரியமா? ஒருவர் பேசும்போது எழுந்து போனால் அவமரியாதை. வெளியே செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்ப்பார்கள் என்கிற கூச்சம் வேறு. அதனால் கடைசி வரை கொட்டாவி விட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

தேவகி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். யாரும் செருப்பைக் கழற்ற வேண்டாம், போட்டுக்கொண்டே உள்ளே வாருங்கள் என்றாள். மீட்டிங்குக்கு இடம் கொடுத்த கல்யாண மண்டபத்துக்காரர் அவளோடு போட்ட சண்டை இருக்கிறதே... கடைசியில் அவளே துடைப்பம் எடுத்துப் பெருக்கிக் கொடுத்தாள்.

காட்டோரத்தில் இருக்கும் குடுபல்லிப் பக்கம் நடந்த யானை மீட்டிங்கைச் சொல்லாமல் எப்படி?

பக்கத்துப் பக்கத்து இரண்டு ஊர். மேல ஊர், கீழ ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யானை வந்தால் மேல ஊர்க்காரர்கள் பட்டாசு வெடித்துக் கீழ ஊருக்குத் துரத்துவார்கள். கீழ ஊர்க்காரர்கள் தகரம் தட்டி மேல ஊருக்கே திருப்பி அனுப்புவார்கள். நடுவில் தக்காளியும் கேழ்வரகும் துவம்சம்.

கடைசியில் மேல ஊர் முனுசாமி தன் வேலியில் லைனிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துவிட்டார். செத்தது யானை இல்லை. கீழ ஊர் எல்லம்மாவின் கறவை மாடு. அடுத்தது மனுஷன்தான் என்று இரண்டு ஊருக்கும் தெரியும். ஆனால் பேச்சுவார்த்தையே கிடையாது, ஒரே பஸ்ஸில்கூட ஏற மாட்டார்கள்.

அவர்களைத்தான் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தாள் இந்தப் பெண். ஃபாரஸ்ட் ஆபீசர் வந்து மேடையைத் தேடினார். "மீரு எக்கடைனா கூர்ச்சோவச்சு சார்" என்று தெலுங்கில் சொல்லி, எங்கே வேண்டுமானாலும் உட்கார விட்டுவிட்டாள்.

வட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. தாள் வெறுமையாகத் தொங்குகிறது. நான் எழுந்து நாலு வார்த்தை பேசட்டுமா என்று கேட்டேன்.

"சும்மா இருங்கண்ணா," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

கடைசியில் எழுந்தது எல்லம்மா. அவளுக்கு எழுத வராது, அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். "யானை எந்தப் பக்கம் போகணும்?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எப்படித் துரத்துவது என்றுதான் இத்தனை வருஷமாக எல்லோரும் கேட்டார்கள். அது எங்கேதான் போகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மற்றவர்களும் எழுதினார்கள், ஆளுக்கொரு கூட்டமாக உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் நஷ்டஈடு பற்றிப் பேசிய கூட்டத்தில் இருந்த முனுசாமி, பாதியில் எழுந்தார். செருப்புச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. நேராக எல்லம்மாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஆபீசரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்.

தேவகி? மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

பேசப் பேசத் தெரிந்தது... ஓடை ஓரம்தான் யானையின் பழைய வழி. அங்கே முனுசாமி நிலம் ஒரு துண்டு இருந்தது. வேலியைப் பிடுங்கிவிட்டு அதைச் சும்மா விடுகிறேன் என்று அவரே சொன்னார். அதற்குப் பதிலாக அவருடைய மற்ற நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் கீழ ஊர் வரும் என்றாள் எல்லம்மா. யானையை யார் முதலில் பார்த்தாலும் அடுத்த ஊருக்கு போன் போட வேண்டும், பட்டாசு கூடாது.

நடந்தது, சார்! இன்று வரை நடக்கிறது. யானை வருகிறது, ஓடையோடு போகிறது. வேலியில் கரண்ட் இல்லை. தக்காளி மார்க்கெட்டுக்குப் போகிறது. எத்தனை பெரிய ஆட்கள் வந்து மைக்கில் கத்திவிட்டுப் போன விஷயம்... வாயே திறக்காமல் ஜெயித்தாள் எங்கள் தேவகி.

இன்று அவள் வீட்டு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. மேல ஊரும் கீழ ஊரும் ஒரே வண்டியிலிருந்து இறங்கினார்கள். முனுசாமி கைகொடுத்து எல்லம்மாவை இறக்கிவிட்டார். நான் அழுதது அப்போதுதான்.

அவள் அண்ணன் வெளியூரிலிருந்து வரத் தாமதமானது. ரொம்ப தூரம் போக வேண்டும், கிளம்புகிறவர்கள் கிளம்பலாம் என்று டெம்போவில் வந்தவர்களிடம் நான் போய்ச் சொன்னேன்.

எல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வேல இல்லாத எடத்துலருந்து எழுந்து போயிடணும்னு அந்தம்மாதான் சொல்லிச்சி. எங்களுக்கு இங்க வேல இருக்குது சார்."

வாசலில் செருப்புகள் குவியலாகக் கிடந்தன. ஒருத்தரும் தேடவில்லை.

போய் வா தேவகி... கடைசி வரைக்கும் யாரும் எழுந்து போகவில்லை.