கறுப்பு இலை ஒரு சிட்டிகை

லிஃப்ட்காரர் ஒரு சிட்டிகைப் புகையிலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துகிறார். விடுகிறார். அமுங்கிய இலை மெதுவாக விரிந்து பழைய உருவுக்கு வந்தால் ஈரம் சரி. அமுங்கியபடியே கிடந்தால் இன்னும் கொஞ்சம் உலர வேண்டும். நொறுங்கிவிட்டால், பிள்ளையைக் கண்டிக்கிற குரலில் இலையைப் பார்த்து, "தண்ணி குடிக்காம எங்கடா சுத்தின?" என்று கேட்பார். பிறகு அதே சிட்டிகையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. நகரத்தில் எந்த உயரமான கட்டடத்தைக் காட்டினாலும், அதன் உச்சியில் இருக்கிற மோட்டார் அறையின் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதைச் சொல்லிவிடுவார். இரும்புக் கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்கள் நூலிழையாக நறுக்கிய இலையைச் சிக்கெடுக்கும்போது, தூங்குகிற குழந்தையின் தலையைக் கோதுகிற பதம் அவற்றுக்கு வந்துவிடும்.

ஞாயிறு காலையில் சமையலறை மேசை அவருக்குச் சொந்தம். பைப் என்கிற சுங்கானில் இழுக்கிற புகையிலையை அங்கேதான் அவர் கலக்குவார். ஓரம் பெயர்ந்த வெள்ளை எனாமல் தட்டு ஒன்று, சின்னத் தராசு ஒன்று, மூடி இறுகிய கண்ணாடி ஜாடிகள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியது போதாது. சோப்பு வாசனை இலையில் ஏறிவிடும் என்று, பழைய புகையிலைத் தூளை உள்ளங்கையில் தேய்த்து உதறிய பிறகே தட்டைத் தொடுவார். தாளிப்பு வாசனையும் ஏறும். "இவரு கலக்குற அன்னிக்கு எங்க வீட்ல வெங்காயத்துக்கு லீவு" என்று அவர் மனைவி எல்லாரிடமும் சொல்வாள். சொல்லும்போது அந்த முகத்தில் புகாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கலவைகளுக்குப் பெயர் வைப்பதிலும் தொழில் புத்தி போகவில்லை. நாக்கை உறுத்தாத சாதுவான கலவை 'தரைத்தளம்'. சாப்பாட்டுக்குப் பிறகு இழுக்கத் தோதானது 'மூன்றாம் மாடி'. தலையைக் கிறுகிறுக்க வைப்பது 'மொட்டை மாடி'. இனிப்பா காரமா என்று தெரியாமல் போன கலவையை முகர்ந்துவிட்டு, "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு" என்று குப்பையில் கொட்டுவார். கொட்டுவதற்குத் தயங்கியதே கிடையாது.

நல்ல கலவைக்கு மூன்று இலை போதும் என்பது அவர் கட்சி. மஞ்சள் இலை இனிப்புக்கு. பழுப்பு இலை கனத்துக்கு. மூன்றாவது லடாக்கியா, விறகுப் புகையில் உலர்த்தி எடுத்த கறுப்பு இலை. அதுதான் ஆளைத் தூக்கும், அல்லது கவிழ்க்கும். மற்றவர்கள் புகை மணத்துக்காக அதை அள்ளிப் போடுவார்கள், மஞ்சள் இலை மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஒரு சிட்டிகைக் கறுப்பு இலையில் முழுப் புகை மணமும் வர வேண்டும், இனிப்பும் குறையக்கூடாது. இதற்காகத்தான் அவர் போன குளிர்காலம் முழுக்கக் கலக்கினார், ஜாடியில் மூடி ஊற வைத்தார், பால்கனியில் நின்று இழுத்துப் பார்த்தார், கொட்டினார், மறுபடி கலக்கினார். கடைசியில் ஒரு நாள் அது வந்தது. பால்கனியிலிருந்து உள்ளே வந்து மனைவியிடம், "ஏறிட்டேன்டி" என்றார்.

அதற்குப் 'பன்னிரண்டாம் மாடி' என்று பெயர்.

அவர் இலை வாங்கும் கடையை, இறந்துபோன புகையிலைக்காரரின் மனைவி நடத்துகிறாள். எல்லாருக்கும் கடைக்காரம்மா. கல்லாவுக்குப் பின்னால் பளிங்குப் பலகையில் வரிசையாக நிற்கிற பெரிய ஜாடிகளில் இருப்பதெல்லாம் கணவர் எழுதி வைத்துவிட்டுப் போன கலவைகள். வெளியாள் கலவை எதுவும் அந்தப் பலகையில் ஏறியதில்லை. புதிய கலவையை அவள் முகர்ந்து பார்த்தாள். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒரு ஜாடியைக் கழுவி, அவர் பெயரையும் கலவையின் பெயரையும் தன் கையால் எழுதி ஒட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் பலகையில் வைப்பதாக ஏற்பாடு.

அன்றைக்கு அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மனைவியின் அண்ணனும் வந்தார். பல் செட் கட்டுகிறவர். 'இந்த ஊர் வாயெல்லாம் எனக்கு அத்துப்படி' என்பது அவர் வாடிக்கைப் பேச்சு. அவரும் சுங்கான் பிடிக்கிறவர்தான். ஆனால் ஆயுள் முழுக்க ஒரே தொழிற்சாலை டப்பா, பாகு சேர்த்த இனிப்புச் சரக்கு. தங்கை புருஷனின் கலவைகளைப் பற்றி, வீட்டில் கலந்து பார்க்கிற ஆள் வெளியில் விற்கிறவனைவிடக் கெட்டிக்காரன் என்றால் டப்பாக்காரன் எதற்குக் கடை போடுகிறான் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேர் புதுக் கலவையை நிரப்பி இழுத்தார்கள். இதமாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் ஒரு பொட்டலமே வாங்கிக்கொண்டார். பல் செட்காரர் மட்டும் நிதானமாகப் பற்றவைத்து, இரண்டு கன்னத்திலும் புகையை உருட்டி, வெளியே விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ள. ஆனா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே, அந்தப் புகை வாசம், அது எங்க?"

"உங்க பைப்புல பாகு ஊறிக் கெடக்கு மச்சான். அதுல எதைப் போட்டாலும் மிட்டாய்தான் வரும்."

கடை சிரித்தது. சுங்கானின் மரம் எதையும் மறக்காது, பழைய சரக்கின் வாசனை அதில் குடியேறிவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடைக்காரம்மா சண்டையை வளர்க்க விரும்பாமல், உள்ளே போய்ப் புத்தம் புதிய களிமண் சுங்கான் ஒன்றை எடுத்து வந்தாள். வெள்ளையாக, யார் வாயும் படாதது. பல் செட்காரர் அதில் நிரப்பி இழுத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

லிஃப்ட்காரர் அதை அவர் கையிலிருந்து வாங்கி, தட்டிக் கொட்டி, துணியால் துடைத்து, தானே நிரப்பினார். ஒரு இழுப்பு. இன்னொன்று. இனிப்பு இருந்தது, கனம் இருந்தது. புகை மணம் எங்கோ அடுத்த தெருவில் இருந்தது.

நடுவழியில் நின்ற லிஃப்டைத் திறக்கும்போது அவர் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆயிற்று. பதற்றம் கிடையாது; காது மட்டும் விறைத்துக்கொள்ளும். சட்டைப்பையிலிருந்து தன் சொந்தச் சுங்கானை எடுத்தார். வளைந்த காம்பு, உள்ளே நகக் கனத்துக்குக் கரி. கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. இத்தனை வருஷமாக அதில் எரிந்ததெல்லாம் கறுப்பு இலை அள்ளிப் போட்ட கனத்த சரக்கு. குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு கலவையையும் அவர் இழுத்துப் பார்த்தது இதில்தான். கடைக்காரம்மாவிடம் வெறும் மஞ்சள் இலை கேட்டார். வேறெதுவும் சேர்க்காமல் அதை மட்டும் நிரப்பிப் பற்றவைத்தார்.

முதல் இழுப்பிலேயே வந்துவிட்டது. விறகு, தோல், மழைக்குப் பிந்தின அடுப்பு. கறுப்பு இலையின் முழு மணம், ஒரு துணுக்குக் கறுப்பு இலைகூட இல்லாமல்.

கூட இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, புதுக் கலவைதான் எரிகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். இத்தனை மணம் வருகிறதே, மெக்கானிக் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று ஒருவர் பல் செட்காரரைச் சீண்டவும் செய்தார். கடைக்காரம்மாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது. இந்தக் கடையில்தான் அவளுக்குத் தலை நரைத்தது. அவள் கல்லாவுக்கு மேல் குனிந்து, தாழ்ந்த குரலில், இதமான கலவை என்று பேர் மாற்றி வைத்துவிட்டால் போச்சு, மூன்று பேருக்குப் பிடித்திருக்கிறது, எதற்கு வீண் பேச்சு என்றாள். பல் செட்காரர் சிரிக்கிறவர்கள் பக்கம் பார்த்துக்கொண்டு, தோற்றுப்போனவராக நின்றார். அவர் தோற்றதாகவே விட்டுவிடலாம். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும்.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார்.

"மச்சான் சொன்னது சரி. புகை இதுல இல்ல, என் பைப்புல இருக்கு. அது பொய் சொல்லியிருக்கு, நானும் நம்பியிருக்கேன்."

"விடுங்க மாப்பிள்ள, இதுல என்ன இருக்கு" என்றார் பல் செட்காரர். அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"என்ன இருக்கா? என் பேர் இருக்கு."

சொல்லிவிட்டுப் பலகைக்கு எட்டி ஜாடியைத் தூக்கினார். பொட்டலம் வாங்கியவரிடம் கையை நீட்டினார். அந்த மனிதர் அதைக் கொடுத்துவிட்டார். கடைக்காரம்மாவின் பெரிய தட்டில் எல்லாவற்றையும் கவிழ்த்து, கைமடிப்பைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கறுப்பு இலை டப்பாவைக் கேட்டார். ஒரு சிட்டிகை போட்டுப் புரட்டினார். களிமண் சுங்கானில் இழுத்தார். தலையை ஆட்டினார். மறுபடி ஒரு சிட்டிகை. கடையில் வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்றார்கள், வாங்கியவர்கள் போகாமல் நின்றார்கள். கறுப்பு கூடினால் மஞ்சள் குன்றியது. மஞ்சளைக் கூட்டினால் கனம் போயிற்று. இஸ்திரிச் சட்டையின் முன்புறம் முழுக்கத் தூள். இது ஊற இன்னும் ஒரு மாதமாவது ஆகும், இன்றைக்கே தெரிந்துவிடாது என்று கடைக்காரம்மா நினைவூட்டினாள். ஊறினால் நல்லது இன்னும் நல்லதாகும், இல்லாதது எங்கிருந்து வரும் என்றார்.

விளக்குப் போடுகிற நேரத்தில் அவர் கை நின்றது. தட்டில் இருந்ததை முகர்ந்தார். ஒரு சிட்டிகையை அழுத்தி, விரிகிறதா என்று பார்த்தார். களிமண் சுங்கானை நன்றாகத் துடைத்து, பாதி வரை தளர்வாக, மேலே கொஞ்சம் இறுக்கமாக நிரப்பினார். நிரப்பிய சுங்கானை மைத்துனரிடம் கொடுத்து, தானே தீக்குச்சியைக் கிழித்து அதன் வாயருகே பிடித்தார், விரல் சுடுகிறவரை. மைத்துனரின் உதடு பிதுங்குகிறதா என்று பார்க்கத் துணியாமல், முகத்தை மட்டும் தெருப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.