வெளியூர் போன துரை

நேற்று மத்தியானம் சமைக்கச் சோம்பல். ஒருத்திக்கு என்ன பெரிய சமையல், சொல்லுங்கள். பழைய சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு, கனடாவிலிருந்து வந்த மகன் டிவியில் போட்டுவிட்டுப் போன படங்களில் ஒன்றைத் தட்டினேன். இங்கிலீஷ் பிரபுக்கள் வீட்டு நாடகம். ஆளுக்கு ஆறு கரண்டி வைத்து அவர்கள் சாப்பிட்டார்கள். நான் கையால் சாப்பிட்டேன். பேச்செல்லாம் கீழே தமிழில் ஓடியது. யாரும் எனக்குக் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

அந்த மாதிரி மாளிகைகளை எனக்குக் காட்டியவர் ஸ்டெல்லா அக்கா. குறிஞ்சிப்பாடியிலிருந்து கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு நான் வந்த புதிது. வீட்டுக்காரர் மைன்ஸுக்கு ஷிப்ட் போய்விட்டால் எனக்கு ஒரே வேலைதான்: கொடியில் காயும் துணியில் கரித்தூள் படிகிறதா என்று பார்ப்பது.

"துணிக்குக் காவலா? வாம்மா, டிவி பாக்கலாம்" என்று பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை கூப்பிட்டது. அக்கா நர்ஸ். கணவர் துபாயில். டிவி அவர் வாங்கி வைத்துவிட்டுப் போனது. கடிதம் வருவது நின்று ஒரு வருஷமாகியிருந்தது. கேட்பவர்களிடம், "கம்பெனி மாறிக்கினு இருக்காரு" என்பார்.

சனிக்கிழமை மத்தியானம் இங்கிலீஷ் நாடகம். டியூட்டி முடிந்து டெட்டால் வாசனையோடு வந்து உட்கார்ந்து, அக்கா எனக்குத் தமிழில் சொல்வார். "அந்தம்மா கோச்சிகினு போவுது. துரை பின்னாலயே ஓடுறாரு பாரு." அவர் சொல்லச் சொல்ல, துரைசானிகள் கடலூர்ப் பெண்களைப் போலவே சண்டை போட்டார்கள்.

ஒரு வாரம் துரை யுத்தத்துக்குக் கிளம்பினார். அடுத்த வாரம் வெள்ளித் தட்டில் தந்தி வந்தது. துரைசானி படித்தாள், நாற்காலியைப் பிடித்தபடியே தரையில் சரிந்தாள். அவள் பக்கத்திலிருந்தவர் சொன்ன 'டெட்' எனக்கே புரிந்தது. ஆனாலும் பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்.

"இன்னாக்கா எழுதியிருக்கு?"

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "வர்றதுக்கு லேட்டாவுமாம்."

"வந்துடுவாராக்கா?"

"வருவாரு. ஏன் வராம?"

"ஆமாக்கா" என்றேன்.

அதன் பிறகு துரைசானி கறுப்பு உடுத்தித் திரிந்தாள். "அங்க குளிரு. கறுப்புதான் போடுவாங்க" என்றார் அக்கா. நானும் தலையாட்டினேன்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போய்க் கைக்குழந்தையோடு திரும்பியபோது பக்கத்து வீடு பூட்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டுப் பெங்களூரில் தங்கச்சியோடு இருக்கப் போய்விட்டாராம்.

பல வருஷம் கழித்துப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில், கிளம்பத் தயாரான பஸ்ஸின் ஜன்னலில் அக்காவைப் பார்த்தேன். முழுக்க நரைத்திருந்தார். துபாய்க்காரர் வந்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்காதான் கையை வெளியே நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு உனுக்குப் புரிஞ்சிதுதான? புரியாத மாரியே இருந்தியே, மகராசி." பஸ் நகர்ந்துவிட்டது. விலாசம் கேட்கக்கூட எனக்குப் புத்தியில்லை.

வீட்டுக்காரர் ரிட்டையரானதும் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டோம். இப்போது அவரும் இல்லை. போன மாதம் பழைய பிளாக் பக்கம் போனேன். எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள், செடி மண்டிக் கிடக்கிறது. முனையிலிருந்து ஒவ்வொரு அஸ்திவாரமாக எண்ணிக்கொண்டே நடந்தேன், எங்கள் வீடு எது, அக்கா வீடு எது என்று. பாதியில் தவறிவிட்டது. இதுதான் என்று சொல்லத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.