அண்ணி கொண்டு வரும் பூனை

நீலாவதி பூனைக்குப் பயப்படுகிற ரகம் இல்லை. ரந்தாவ் ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள செம்பனைத் தோட்டத்தில், நர்சரியில் கன்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக் காலம் தள்ளியவள். பைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்த நாகப்பாம்பைப் பார்த்து மற்றப் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போதே, பாராங் கத்தியால் ஒரே போடாகப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவள். அப்பேர்ப்பட்டவள், சனிக்கிழமை பிறந்தால் போதும், காலையிலிருந்தே வாசலைப் பார்த்துப் பார்த்து நடுங்குவாள். அம்பாங்கானிலிருந்து அண்ணி வருவாள். அண்ணியோடு பூனையும் வரும்.

அண்ணி என்றால் கணவன் தங்கராஜுவின் அக்கா, லோகேஸ்வரி. தாய் போன பிறகு தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். தம்பி வீட்டுக்கு வந்தால் நேராக அடுப்படிக்குப் போவாள், குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பாள், உப்புக் கம்மி என்பாள். நல்ல மனுஷிதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். புருஷன் இராஜமாணிக்கம் செத்த பிறகு, பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஒற்றையாகக் கிடந்தவளுக்கு யாரோ ஒரு பூனைக்குட்டியைக் கொடுத்தார்கள். காப்பி நிறத்தைப் பார்த்துக் கோப்பி என்று பேர் வைத்தாள். அன்றிலிருந்து கோப்பி இல்லாமல் அவள் எங்கும் போவதில்லை.

நீலாவதியின் பயம் தங்கராஜுவின் வயிற்றிலிருந்து தொங்கிய குழாயைப் பற்றியது.

தோட்டத்தில் கூலியாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர் தங்கராஜு. இனிப்பு நீர் வியாதி உள்ளுக்குள்ளே அரித்து, இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வயிற்றில் துளை போட்டு மெல்லிய குழாய் வைத்தார்கள். மருந்துத் தண்ணீர்ப் பையை மேலே மாட்டி உள்ளே விட வேண்டும், உள்ளே கிடந்த பழைய தண்ணீரைத் தரையில் வைத்த பைக்குள் இறக்க வேண்டும். தண்ணி மாத்துறது என்பார்கள். ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, வாயை மூடிக் கட்டி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். ஒரு தூசு போதும், கிருமி ஏறி வயிறு முழுக்கச் சீழ் பிடித்துவிடும்.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த நர்ஸ் மிஸ்ஸி கடைசியாக ஒன்று கேட்டாள்.

“வீட்டுல பூனை இருக்கா ஆன்ட்டி?”

“இல்ல மிஸ்ஸி.”

“இருந்தா ரூமுக்குள்ள விடவே கூடாது. நெளியுற டியூப்ப பாத்தா கடிச்சிரும். ஒரு அங்கிள் அப்படித்தான் போயிட்டாரு.”

அந்த அங்கிளின் முகத்தை நீலாவதி பார்த்ததில்லை. ஆனால் சனிக்கிழமை தோறும் அவர் அவள் கண்முன் வந்து உட்கார்ந்துகொண்டார்.

‘விஷயத்தைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது, அண்ணி என்ன அரக்கியா?’ என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் அந்த மண்டோர் பெரிய வேலை செய்து வைத்திருந்தார். இராஜமாணிக்கமும் சிறுநீரகம் போய்த்தான் செத்தார். இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது, அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போனார். தனக்கும் அதே வியாதி என்று தெரிந்தால் அக்கா உயிரை விட்டுவிடுவாள் என்று தங்கராஜு முடிவு கட்டினார். மனைவியை முனியாண்டி கோயிலுக்கு அழைத்துப் போனார். அவள் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி வைத்தார்.

“அக்காகிட்ட சொல்ல மாட்டேன்னு அணைச்சிரு.”

நீலாவதி எரிகிற சூடத்தை மூடி அணைத்தாள். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால், யாருக்காகச் செய்தோமோ அவர் தலைமேல் விழும் என்பது தோட்டத்தில் எல்லோரும் அறிந்தது. அறிந்துதான் அணைத்தாள். புருஷன் கேட்டால் எதையும் செய்துவிடுகிற புத்தி அவளுக்கு.

ஆக, வாயைத் திறந்தால் சத்தியம் கொல்லும், மூடினால் பூனை கொல்லும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா சொல்லிவிடுகிறோம். அந்த எறும்பாக இருந்து பார்த்தால் தெரியும்.

காரணம் சொல்லாமல் பூனையை மட்டும் நிறுத்தப் பார்த்தாள். பூனை முடி பட்டால் தனக்குத் தும்மல் வருகிறது என்றாள். மறுவாரமே அண்ணி தும்மலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சாமி மேடை இருக்கிறது, தீட்டு என்றாள். “முருகனுக்கு மயில், பிள்ளையாருக்கு எலி, என் பூனை மட்டும் தீட்டாக்கும்?” என்று கேட்டுவிட்டு, அண்ணி அன்றைக்குச் சாப்பிடாமலே போய்விட்டாள். பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கேள்விக்கு எலிகளிடமே பதில் இல்லை. நீலாவதியிடம் மட்டும் எங்கிருந்து வரும்?

“நீங்களாவது சொல்லக்கூடாதாங்க? உங்க அக்காதானே?” என்று அழுதாள்.

“விடுலா, பூனைதானே. கதவச் சாத்திக்கிறேன்” என்றார் தங்கராஜு. ஊருக்கெல்லாம் விரட்டி வேலை வாங்கியவர், அக்கா முன்னால் இன்னும் இடுப்புப் பிள்ளைதான்.

புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது. தம்பி வீட்டில் இலை போட்டுச் சாப்பிட அண்ணி வந்தாள். ஹாலில் கூடையைத் திறந்துவிட்டதும் கோப்பி சோம்பல் முறித்துக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தது. நீலாவதி அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பாயசத்தைக் கிண்டினாள். தண்ணி மாற்றும் நேரம் நெருங்கியது. தங்கராஜு தலைவலிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று எழுந்தார். அடுப்படிக்கு வந்து கையை நன்றாகக் கழுவினார், அறைக்குள் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அப்போதுதான் நீலாவதி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

இலையில் கூட்டு வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“கோப்பி எங்கடி நீலா?”

நீலாவதி கரண்டியைப் போட்டுவிட்டுத் தேடினாள். நாற்காலிக்கு அடியில் பூனை இல்லை. அடுப்படியில் இல்லை. சாமி மேடைக்குப் பின்னால் இல்லை. வாசல் கிரில் சாத்தியிருந்தது. தங்கராஜு கை கழுவிக்கொண்டிருந்தபோது அறைக் கதவு திறந்தே கிடந்தது அவளுக்கு நினைவு வந்தது.

கதவில் காதை வைத்தாள். உள்ளே தங்கராஜு மிகச் சன்னமாகப் பேசுவது கேட்டது.

“சூ... சூ... போ... போயிரு...”

அக்காவுக்குக் கேட்டுவிடுமே என்று அந்த நேரத்திலும் ரகசியமாக விரட்டுகிறார்! ஒரு கணம், ஒரே ஒரு கணம், முனியாண்டி கோயில் சூடம் அவள் கண்முன் எரிந்தது. கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

“ஏங்க, தாழ்ப்பாள எடுங்க! எடுங்கங்க!”

“ஏன்டி இப்படித் தட்டுற? தூங்குறான்ல?” என்று அண்ணி எழுந்து வந்தாள்.

“அண்ணி, உங்க பூனை உள்ள இருக்கு. அவரு தூங்கல. அவருக்குக் கிட்னி போயிருச்சு. வயித்துல டியூப் வச்சித் தண்ணி மாத்துறாரு. அது கடிச்சிச்சுன்னா செத்துருவாரு அண்ணி!”

எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. அண்ணி எதுவும் கேட்கவில்லை. நீலாவதியின் பக்கத்தில் வந்து நின்று கதவில் தோளைக் கொடுத்தாள். மலிவு வீட்டுப் பலகைக் கதவு, இரண்டு பெண்கள் சேர்ந்து இடித்ததும் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது.

தங்கராஜு வாயைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி காலால் பூனையை விலக்கிக்கொண்டிருந்தார். அது விளையாட்டு என்று நினைத்துப் பூனை அவர் காலைச் சுற்றி வந்து, குழாயை முன்னங்கால்களால் கட்டிப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. தரையெல்லாம் தண்ணீர். அண்ணி கோப்பியின் பிடரியைப் பிடித்து இழுத்தாள், அது அவள் முழங்கையைக் கீறியது. நீலாவதி முழங்காலிட்டு, வயிற்றுக்குப் பக்கத்தில் இருந்த குழாய்த் திருகை முறுக்கி மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்கப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் குழாயின் வெளி முனையை மாற்றி மருந்து கொடுத்தார்கள். ஆனாலும் மறுநாள் இறங்கிய தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கி இருந்தது. தங்கராஜுவை வார்டில் போட்டார்கள். காய்ச்சலில் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. நீலாவதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கொல்லப்போவது பூனையா, தான் மீறிய சத்தியமா என்று யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடித்தவளாக இருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அண்ணியிடம் சூடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவளுக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது?

“அவன்தான் புத்தி கெட்டவன், கேட்டான். நீயும் அணைச்சியா?” என்றாள் அண்ணி. “நான் தாங்க மாட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க. இவனும் போயிட்டா, எதுல போனான்னுகூடத் தெரியாம நின்னிருப்பேன். அத நான் தாங்குவேனா?”

சூடம் யாரையும் தண்டிக்கவில்லை என்பதே இதைச் சொல்கிற என் எண்ணம். வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் தண்டித்தது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து நடுங்குகிறவளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

மருந்து கேட்டது. தண்ணீர் மெல்லத் தெளிந்தது. குழாயை எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டிப் போக அண்ணி காரோடு வந்தாள். பின் இருக்கையில் கூடை இல்லை. வழியெல்லாம் நீலாவதி கேட்கவில்லை. வீடு வந்து, தங்கராஜுவைப் படுக்க வைத்த பிறகு மெல்லக் கேட்டாள்.

“கோப்பி வீட்டுல தனியா இருக்கா அண்ணி?”

“குடுத்துட்டேன். புக்கிட் பெலண்டோக்குல ஒரு டீச்சர் வீட்டுக்கு.”

“ஐயோ! நான் இங்க கொண்டு வராதீங்கன்னுதான் சொல்ல நெனச்சேன். குடுத்துருங்கன்னு நெனக்கலயே...”

“அத மொதல்லயே சொல்லியிருந்தா வீட்டுல விட்டுட்டு வந்திருப்பேன். கோவப்பட்டிருப்பேன், ரெண்டு வாரம் பேசாம இருந்திருப்பேன், அவ்வளவுதான்லா. இப்ப அது மடியில ஏறுனா, அந்த ரூம்பு தரையில ஓடுன தண்ணிதான் ஞாபகம் வருது. பயமா இருக்கு நீலா. நான் வளத்த புள்ளயப் பாத்து எனக்கே பயமா இருக்கு. எப்படி வச்சுக்கிறது?”

“திருப்பிக் கேட்டு வாங்கிக்கலாம் அண்ணி.”

“அதுக்கு அங்க ரெண்டு புள்ளைங்க இருக்கு, வெளயாட. எங்கிட்ட என்ன இருக்கு?”

தண்ணி மாற்றும் நேரமாயிற்று. நீலாவதி ஜன்னலைச் சாத்தினாள், காற்றாடியை நிறுத்தினாள், கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அண்ணி அறைக்குள் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கைக் கீறல் இன்னும் ஆறவில்லை. இவளிடம் போய் இதைச் சொல்வதா என்று மனம் பதறியது. சொன்னாள்.

“அண்ணி, மாத்தி முடிக்கிற வரைக்கும் வெளிய இருக்கணும். கூட ஒருத்தர்தான் இருக்கலாம்.”

தங்கராஜு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி நீலாவதியை ஏறிட்டுப் பார்த்தாள்.

“சரிம்மா” என்றாள்.

எழுந்து, ஹாலுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தாள். நீலாவதி கதவைச் சாத்தும்போது கடைசியாக அவளைப் பார்த்தாள். காலியாக இருந்த மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கூப்பிடும் வரை காத்திருக்கிறவளாக அவள் உட்கார்ந்திருந்தாள்.